டேஷ்போர்டில் ஓர் ஓட்டை: பழைய காருக்குள் சாட்டிலைட் ரேடியோ நுழைந்த கதை

இந்த வாரம் ஓர் ஓட்டையைப் பத்திப் பேசப் போறேன்.

எங்க பெரியப்பாகிட்ட ஒரு பிரீமியர் பத்மினி இருந்தது. 1986 மாடல், வெள்ளை. 1994-ல அதுக்கு ஒரு கேசட் ப்ளேயர் மாட்டணும்னு ஆசைப்பட்டு, காலையில ஒரு கடையில விட்டுட்டு வந்தார். சாயங்காலம் போய்ப் பார்த்தா, டேஷ்போர்டு தகட்டை ஆக்சா பிளேடால அறுத்து, அரம் போட்டுத் தேய்ச்சு, உள்ளே ப்ளேயரைத் திணிச்சிருந்தாங்க. ரெண்டு டோர் பேடிலயும் வட்டமா வெட்டி ஸ்பீக்கர். சத்தம் நல்லாத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா காரைச் சுத்திப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "ஏங்க, இதைத் திரும்ப மூட முடியுமா?"

முடியாது. முப்பது வருஷமா முடியலை.

அந்தக் கார் இப்போ என்கிட்ட இருக்கு. போன்ல இருக்கிற பாட்டை அதுல கேட்கணும். இன்னொரு தடவை பிளேடை எடுக்கறதுக்கு முன்னாடி, உலகத்துல மத்தவங்க இதை எப்படிச் சமாளிச்சாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். தேடல் என்னைக் கொண்டுபோய் நிறுத்தின இடம் அமெரிக்கா. 2001-லேர்ந்து 2008 வரைக்கும் அங்கே லட்சக்கணக்கான பேருக்கு இதே பிரச்சினை இருந்திருக்கு. வானத்திலிருந்து நூறு சேனல் இறங்குது, ஆனா வீட்டு வாசல்ல நிக்கிற கார் அதைப் பத்தி ஒண்ணுமே தெரியாத கார். உள்ளே இருக்கிற எதையும் கிழிக்காம அதை எப்படிக் கேட்கிறது?

கொஞ்சம் பின்னாடி போகணும். ஏன்னா காருக்குள்ள ரேடியோ வந்ததே வெட்டிக்கிட்டுதான்.

1930 ஜூன் மாதம். அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாடு. சிகாகோவில் சின்னதாக ஒரு கம்பெனி நடத்திக்கொண்டிருந்த பால் கால்வின் அங்கே தன் ஸ்டூடிபேக்கர் காரிலேயே வந்து சேர்கிறார். மாநாட்டில் கடை போட அவரிடம் காசு இல்லை. காரை வெளியே நிறுத்தி, அதற்குள் மாட்டியிருந்த ரேடியோவைச் சத்தமாக வைத்து, போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த ரேடியோவுக்கு வைத்த பெயர் மோட்டோரோலா. விலை நூறு டாலருக்கு மேல். புது ஃபோர்டு மாடல் ஏ கார் ஏறத்தாழ 500 டாலருக்குக் கிடைத்த காலம் அது. கார் விலையில் ஐந்தில் ஒரு பங்கைப் பாட்டுக்குக் கொடுக்கணும்!

காசு கொடுத்தா மட்டும் போதாது. அந்த ரேடியோவை மாட்டுவது ஒரு ஆபரேஷன் மாதிரி. உள்ளே இருந்த வால்வுகளுக்கு உயர் மின்னழுத்தம் வேண்டும், கார் பேட்டரி கொடுப்பதோ வெறும் 6 வோல்ட். அதனால் தனியாக வேறு பேட்டரிகள், அவற்றை வைக்கத் தரைப் பலகையில் ஓட்டை. ரிசீவருக்கும் ஸ்பீக்கருக்கும் இடம் பண்ண டேஷ்போர்டைக் கழற்றணும். ஆன்டெனாவுக்குக் கூரை. அன்றைய கார்களின் கூரை நடுவில் தகடு கிடையாது, துணிதான். உள் லைனிங்கைப் பிரித்து, கோழிக்கூண்டு அடிக்கிற கம்பிவலை மாதிரி ஒன்றை விரித்து, மறுபடி தைத்து மூடுவார்கள். கால்வின் கடன் கேட்கப் போன ஒரு வங்கிக்காரரின் பேக்கார்டு காரில் ரேடியோ மாட்டிக் கொடுத்ததாகவும், கொஞ்ச நேரத்தில் அந்தக் கார் தீப்பிடித்ததாகவும் ஒரு கதை இன்னும் சுத்திக்கிட்டிருக்கு. எவ்வளவு உண்மையோ. ஆனா அந்த வயரிங்கைப் பத்திப் படிச்சா நம்பத்தான் தோணுது.

இதில் எனக்குப் பிடித்த இடம் 1935. ஜெனரல் மோட்டார்ஸ் அந்த வருஷத்து மாடல்களில் கூரை முழுக்க எஃகுத் தகடாக்கியது. 'டரட் டாப்' என்று பெயர். விபத்தில் பாதுகாப்பு, மழையில் ஒழுகாது, எல்லாம் சரி. ஆனால் எஃகுத் தகட்டுக்குக் கீழே இருக்கிற கம்பிவலைக்கு ரேடியோ அலை வராது. ஒரே வருஷத்தில் கூரை ஆன்டெனா செத்துப் போச்சு. சிலர் அதைக் கொண்டுபோய்க் காருக்கு அடியில், கால் வைத்து ஏறும் பலகைக்குக் கீழே கட்டினார்கள். கடைசியில் நமக்குத் தெரிந்த நீளக் குச்சி ஆன்டெனா வந்தது. அதுக்கும் பாடியில ஓட்டை போடணும், அது வேற விஷயம். காரோட உடம்பு எதனால ஆனதுங்கிற இந்த விவகாரம் எழுபது வருஷம் கழிச்சு மறுபடி வரும், ஞாபகம் வச்சுக்கோங்க.

அதுக்கப்புறம் வந்த ஒவ்வொரு புதுச் சத்தமும் தனக்குன்னு ஓர் இடம் கேட்டது. 1956 மாடல் கிரைஸ்லர் கார்களில் இசைத்தட்டு ப்ளேயர் கிடைத்தது. நிஜமாத்தான் சொல்றேன், ஓடுற காருக்குள்ள இசைத்தட்டு. நிமிடத்துக்குப் பதினாறே முக்கால் சுற்றுக்கும் கொஞ்சம் குறைவாகச் சுத்தற தனி ரகத் தட்டு, டேஷ்போர்டுக்குக் கீழே இழுப்பறை மாதிரி ஒரு பெட்டி. சில வருஷத்தில் கைவிட்டுட்டாங்க. 1960களில் எஃப்எம் பிரபலமானபோது, ஏஎம் மட்டுமே எடுக்கிற ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒரு எஃப்எம் கன்வெர்ட்டர் பெட்டி. 1966 மாடல் ஃபோர்டுகளில் 8-ட்ராக் டேப். ஆரம்பத்தில் இவையெல்லாம் டேஷ்போர்டுக்குக் கீழே நாலு ஸ்க்ரூவில் தொங்கின. பிறகு பெரிய ஸ்டீரியோக்கள் வந்தபோது தொங்கவிட இடம் போதவில்லை, வெட்ட ஆரம்பித்தார்கள். சின்னச் செவ்வகமும் இரண்டு குமிழும் இருந்த இடத்தைப் பெரிய செவ்வகமாக்க அரை மணி நேரம் போதும்.

வெட்டினவங்களைத் திட்டறது சுலபம். ஆனா 1975-ல அவங்க கையில இருந்தது பத்து வருஷப் பழைய கார், அவ்வளவுதான். அது ஒரு நாள் 'கிளாசிக்' ஆகும்னு யாருக்குத் தெரியும்? எங்க பெரியப்பாவுக்கும் 1994-ல தெரியாது.

தெரிய ஆரம்பித்தபோது நிலைமை தலைகீழானது. பழைய கார்வெட் கார்களை மீட்டெடுப்பவர்களுக்கு அமெரிக்காவில் 1974-லேயே ஒரு தேசியச் சங்கம் வந்துவிட்டது. கம்பெனியிலிருந்து வெளியே வந்த நாளில் கார் எப்படி இருந்ததோ அதுதான் அங்கே அளவுகோல். நடுவர்கள் வந்து பார்த்து, மாறியிருக்கிற ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் குறைப்பார்கள். வெட்டாத டேஷ்போர்டு திடீரென்று அரிய பொருளாகிவிட்டது. வெட்டியதை வைத்திருந்தவர்கள் காயலான் கடை காயலான் கடையாக அலைந்து முழு டேஷ்போர்டு தேடினார்கள்.

இந்தச் சமயத்தில் வெட்டாமல் நுழைகிற ஒரு வழி பிறந்தது. அதற்கு நான் வைத்திருக்கிற பெயர் ஆள்மாறாட்டம். இந்தக் கதையோட ஹீரோ அதுதான்.

1980களின் பிற்பகுதியில் வந்த கேசட் அடாப்டரை உங்களில் சிலர் பார்த்திருப்பீங்க. கேசட் மாதிரியே ஒரு டப்பா, அதிலிருந்து ஒரு வயர். கையடக்க சிடி ப்ளேயரைக் கார் ஸ்டீரியோவில் கேட்க வந்த சாமான். உள்ளே டேப் கிடையாது. டேப்பை உரசிப் படிக்க ப்ளேயருக்குள் ஒரு ஹெட் இருக்கும் இல்லையா, அதற்கு நேர் எதிரே உட்காருகிற மாதிரி இந்த டப்பாவுக்குள்ளும் ஒரு ஹெட். இது காந்தப்புலத்தை ஏற்றி இறக்கும், அது டேப் ஓடுவதாக நினைத்துக்கொண்டு பாடும். ப்ளேயரின் சக்கரம் நின்றுபோனால் 'டேப் முடிஞ்சுது' என்று வெளியே தள்ளிவிடும் என்பதால், அதை ஏமாற்ற உள்ளே சில பல்சக்கரங்கள் சும்மா சுற்றும். வேலையே இல்லாமல் சுற்றுகிற பல்சக்கரம்! எனக்கு இதை நினைச்சாலே சிரிப்பு வரும்.

இன்னொரு வேஷம் எஃப்எம் மாடுலேட்டர். சின்னதாக ஒரு எஃப்எம் நிலையத்தைக் காருக்குள்ளேயே நடத்துவது. பழைய ரேடியோவை அந்த அலைவரிசையில் வைத்தால், 'ஏதோ ஊர் ஸ்டேஷன் கேக்குது' என்று நினைத்துப் பாடிவிடும்.

ரெண்டிலும் விஷயம் ஒண்ணுதான். பழைய ரேடியோவுக்குத் தெரிந்த பாஷையில் புதுசு போய்ப் பேசணும். இப்போ சாட்டிலைட்டுக்கு வருவோம்.

அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி, 1992-ல் 2.3 கிகாஹெர்ட்ஸ் அருகே ஒரு துண்டு அலைக்கற்றையைச் சாட்டிலைட் ரேடியோவுக்கு ஒதுக்கியது. 1997 ஏப்ரலில் ஏலம். இரண்டு நிறுவனங்கள் தலா 8 கோடி டாலருக்கு மேல் கொடுத்து எடுத்தன. ஒன்று பின்னாளில் எக்ஸ்எம் ஆனது, மற்றது சிரியஸ். எக்ஸ்எம் தன் இரண்டு சாட்டிலைட்டுகளுக்கு 'ராக்', 'ரோல்' என்று பெயர் வைத்தது. 2001-ல் பசிபிக் கடலில் மிதக்கிற ஒரு ஏவுதளத்திலிருந்து அவை கிளம்பின. பூமி சுற்றுகிற வேகத்திலேயே சுற்றி, வானத்தில் ஒரே இடத்தில் நிற்கிற ரகம். சிரியஸ் வேறு வழி பிடித்தது. மூன்று சாட்டிலைட், நீள்வட்டப் பாதை, அவற்றில் எப்போதும் இரண்டு அமெரிக்காவின் தலைக்கு மேலே உயரத்தில் இருக்கும். எக்ஸ்எம் 2001 செப்டம்பர் 12-ம் தேதி தொடங்குவதாக இருந்தது. முந்தின நாள் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். செப்டம்பர் 25-க்குத் தள்ளிப் போட்டார்கள். சிரியஸ் 2002 பிப்ரவரி 14 அன்று நான்கு ஊர்களில் ஆரம்பித்தது.

கம்பெனியிலேயே எக்ஸ்எம் பொருத்தி வந்த முதல் கார்கள் 2002 மாடல் கேடிலாக். ஆனால் அந்தச் சமயத்தில் அமெரிக்கச் சாலைகளில் ஓடிய வண்டிகளின் சராசரி வயது ஒன்பது வருஷத்துக்கு மேல். புதுக் கார் வாங்குகிறவர்களை மட்டும் நம்பினால் இரண்டு கம்பெனியும் மூழ்கிவிடும். பழைய காருக்குள் போயே ஆகணும். அப்படிப் பிறந்ததுதான் கழற்றி மாட்டுகிற ரிசீவர். சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி, காரில் ஒரு தொட்டில், வீட்டில் ஒரு தொட்டில். 2004 வாக்கில் எஃப்எம் மாடுலேட்டர் உள்ளேயே வைத்த, நூறு டாலரை ஒட்டிய சின்ன ரிசீவர்களும் வந்துவிட்டன.

இதை ஒரு பழைய காருக்குள் காயம் இல்லாமல் கொண்டுபோவது எப்படி? இங்கேதான் எனக்கு ரொம்ப ருசி. வரிசையாப் பார்ப்போம்.

முதலில் ஆன்டெனா. சாட்டிலைட் ஆன்டெனாவுக்கு வானம் தெரியணும். ஆனால் அது தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய சதுரம்தான், அடியில் காந்தம். எஃகுக் கூரையில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், ஓட்டை வேண்டாம். கூரைத் தகடே அலைகளைப் பிடிக்கவும் உதவும். வயர் மெல்லிசு, பின் கண்ணாடி ஓரத்து ரப்பருக்குக் கீழே செருகி, டிக்கி வழியாக உள்ளே இறக்கி, கதவோரப் பட்டிக்கும் கார்ப்பெட்டுக்கும் அடியிலேயே முன்னால் கொண்டுவந்துவிடலாம். உலோகக் கருவியால் நெம்பினால் பழைய பிளாஸ்டிக் பொடிப்பொடியாகிவிடும். அதனால் பிளாஸ்டிக் பட்டை, பொறுமை, முடிந்தால் வெயில் நேரம். சூட்டில் ரப்பர் இளகிக் கொடுக்கும். அவசரப்பட்டு வயரைக் கதவு இடுக்கில் விட்டவர்களுக்குப் பத்தே நாளில் அது நசுங்கி, சேனல் விட்டு விட்டு வந்தது.

இங்கேதான் அந்த 1935 விவகாரம் திரும்பி வருது. 1953-ல் தொடங்கிய கார்வெட்டின் உடம்பு எஃகு கிடையாது, ஃபைபர் கிளாஸ். காந்தம் ஒட்டாது. முதலில் கஷ்டம் மாதிரி தெரிந்தது, பிறகு யாரோ கண்டுபிடித்தார்கள்: ஃபைபர் கிளாஸ் வழியாக ரேடியோ அலை தாராளமாகப் போகும். ஆன்டெனாவை உடம்புக்கு உள்பக்கமாகவே ஒளித்து வைத்துவிடலாம், வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியாது. கம்பிவலையைத் துணிக்கூரைக்கு உள்ளே தைத்து மூடின அதே உத்தி, வேற காலத்துல.

அடுத்து மின்சாரம். சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் முடிந்தது என்று நினைப்போம். ஆனால் 1950களின் நடுப்பகுதிக்கு முந்தைய அமெரிக்கக் கார்கள் பலவும் 6 வோல்ட். அதிலும் அந்தக் கால ஃபோர்டு மாதிரி சிலவற்றில் பாடியோடு எர்த் ஆகியிருப்பது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. நாம் பழகினதுக்கு நேர் தலைகீழ். 12 வோல்ட்டும் நெகட்டிவ் எர்த்தும் எதிர்பார்க்கிற ரிசீவரின் உலோகப் பாகம் அந்த டேஷ்போர்டில் பட்டால் ஃபியூஸ் போகும், அதிர்ஷ்டம் இல்லையென்றால் ரிசீவரே போகும். தனியாக ஒரு கன்வெர்ட்டர் வேண்டும், பெட்டியைத் துணியிலோ ரப்பரிலோ சுற்றித் தகட்டில் படாமல் வைக்கணும்.

பெட்டியை எங்கே வைப்பது? கிளவ் பாக்ஸ் எல்லாருக்கும் பிடித்த இடம். இன்னொன்று ஆஷ்ட்ரே. சிகரெட் சாம்பலுக்கென்று ஒரு தலைமுறை செதுக்கி வைத்த குழியில் அடுத்த தலைமுறை ரேடியோவை உட்கார வைத்தது. வேலை முடிந்தால் ஆஷ்ட்ரே மூடியைச் சாத்திவிடலாம், நடுவர் வந்தாலும் ஒன்றும் தெரியாது.

கடைசியாகச் சத்தம். கேசட் இருக்கிற கார் என்றால் அடாப்டர் போதும். இல்லையென்றால் எஃப்எம் வேஷம். இந்த வேஷம் ஒரு கட்டத்தில் ஊர் ரகளையில் முடிந்தது.

காற்றில் அனுப்புகிற மாடுலேட்டரின் சக்திக்கு எஃப்சிசி கடுமையான வரம்பு வைத்திருந்தது. அந்த வரம்பில் இருந்தால் சிக்னல் உங்கள் காரைத் தாண்டிப் பெரிதாகப் போகாது. ஆனால் பல ரிசீவர்கள் வரம்பை மீறிச் சத்தமாகப் பேசின. பேசியது எங்கே? எஃப்எம் பட்டையின் இடது ஓரத்தில், 88-லிருந்து 92 மெகாஹெர்ட்ஸ் வரை. அமெரிக்காவில் அந்தப் பகுதி பொது வானொலிக்கும் மத ஒலிபரப்புகளுக்கும் கல்லூரி நிலையங்களுக்கும் ஒதுக்கப்பட்ட இடம். 2006 ஜனவரியில் ஹோவர்ட் ஸ்டெர்ன் சிரியஸுக்கு வந்தார். அமெரிக்க வானொலியிலேயே வாய்க்குப் பூட்டு இல்லாதவர் என்று பேர் வாங்கினவர். சாட்டிலைட்டில் தணிக்கை கிடையாது என்பதால்தான் வந்தார். இப்போ கற்பனை பண்ணிப் பாருங்க. காலை நேரம், சிக்னல்ல நிக்கிறீங்க, உங்க கார்ல அமைதியா செய்தியோ பிரசங்கமோ ஓடுது. பக்கத்துல இன்னொரு கார் வந்து நிக்குது. திடீர்னு உங்க ரேடியோவுல ஸ்டெர்ன்! பக்கத்துக் கார் நகர்ந்ததும் மறுபடி பிரசங்கம்.

புகார்கள் குவிந்தன. அதே 2006-ல் எஃப்சிசி தலையிட, இரண்டு நிறுவனங்களும் சில மாடல்களை அனுப்புவதையே நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. 2008-ல் இந்த விதிமீறலுக்கும், தரையில் வைத்த கோபுரங்கள் தொடர்பான மீறல்களுக்கும் சேர்த்து, இரண்டும் கிட்டத்தட்ட 2 கோடி டாலர் கட்டின. பழைய கார்க்காரர்கள் டேஷ்போர்டை வெட்ட மனமில்லாததற்கு விலை 2 கோடி டாலர்னு நான் சொன்னா அது மிகை. ஆனா கொஞ்சம்தான் மிகை.

வயர் வழியாகப் போகிற மாடுலேட்டர் இதைவிட எவ்வளவோ மேல். ரேடியோவின் பின்னால் ஆன்டெனா வயர் செருகுகிற இடத்தில், நடுவில் ஒரு சின்னப் பெட்டி. அதை இயக்கினால் வெளி ஆன்டெனாவைத் துண்டித்து, தன் சிக்னலை நேராக ரேடியோவுக்குள் விடும். அணைத்தால் ஊர் ஸ்டேஷன்கள் திரும்பி வரும். பிடிக்கவில்லையென்றால் உருவிவிட்டுப் பழைய வயரைச் செருகிவிடலாம், தடயமே இருக்காது. இன்னொரு சின்ன வேடிக்கை. அந்த ஆன்டெனா வயரின் முனைக்கு அமெரிக்காவில் இன்றைக்கும் பேர் 'மோட்டோரோலா ப்ளக்'. கால்வின் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கார்.

எஃப்எம்மே இல்லாத கார்களுக்கு? சிக்னலை ஏஎம்மாக மாற்றித் தருகிற பெட்டிகள் உண்டு. ஏஎம்மின் தரம் குறைவுதான், மேல் ஸ்தாயி எல்லாம் மழுங்கிப்போகும். ஆனால் எக்ஸ்எம்மின் நான்காவது சேனல் முழுக்க 1940களின் பாட்டு. 1949 மாடல் ஷெவர்லே, அதோட வால்வு ரேடியோ சூடேற அரை நிமிஷம் காத்திருந்து, 36,000 கிலோமீட்டர் மேலே இருந்து வர்ற சிக்னல்ல, அந்தக் கார் புதுசா இருந்தப்போ கேட்ட அதே பாட்டை, அதே மழுங்கின குரல்ல கேட்கிறது! இதுக்கு ஹைஃபை ஸ்பீக்கர் எதுக்கு?

சரி, இவ்வளவு பாடுபட்டு மாட்டிய சாட்டிலைட் ரேடியோ எத்தனை நாள் நிலைத்தது? 'ராக்', 'ரோல்' இரண்டிலும் சோலார் பேனல் பகுதியில் வடிவமைப்புக் கோளாறு, எதிர்பார்த்ததைவிட வேகமாக மின்சாரம் குறைந்தது. 2005-லும் 2006-லும் 'ரிதம்', 'ப்ளூஸ்' என்று மாற்று சாட்டிலைட்டுகளை அனுப்பினார்கள். 2008 ஜூலையில் எஃப்சிசி 3-2 என்ற வாக்கில் சம்மதிக்க, இரண்டு நிறுவனங்களும் ஒன்றாகின. இரண்டின் ரிசீவர்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. அதற்குள் பாட்டு கேட்பது போனுக்கு நகர ஆரம்பித்துவிட்டது. இணைந்த நிறுவனம் இன்றும் ஓடுகிறது. ஆனால் அந்தச் சோப்பு டப்பா ரிசீவருக்காக 2003-ல் டேஷ்போர்டை வெட்டியவர் கையில் இன்று என்ன மிச்சம் என்று யோசித்துப் பாருங்கள். ஒட்டி வைத்தவர் எடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இந்தக் கதைக்கு நம்ம ஊர்ல ஒரு கிளை உண்டு. எக்ஸ்எம்மின் முன்னோடி நிறுவனத்தில் பங்கு வைத்திருந்தது வேர்ல்ட்ஸ்பேஸ். எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா 1990-ல் தொடங்கியது. 1998-ல் ஆப்பிரிக்காவுக்கு ஒரு சாட்டிலைட், 2000 மார்ச்சில் ஆசியாவுக்கு ஏசியாஸ்டார். இந்தியாவில் பெங்களூரை மையமாக வைத்து நடந்தது. ஏ.ஆர். ரஹ்மான் விளம்பரத் தூதராக இருந்தார். தமிழுக்கு கே.எல். ரேடியோ, கர்நாடக இசைக்கு 'ஸ்ருதி'. எங்க பெரியப்பா 2006-ல வாங்கினார். ஜன்னல்ல ஒரு தட்டையான ஆன்டெனா, கிழக்கு பார்த்து, கொஞ்சம் தெற்கே திருப்பி, மேலே சாய்ச்சு வைக்கணும். காக்கா உட்கார்ந்து அதை அசைச்சா கச்சேரி நின்னுடும். பெரியப்பா விசிறியோட எழுந்து ஓடுவார்.

'ஸ்ருதி'யைக் காரில் கேட்கணும்னு அவருக்கு ஆசை வந்தது. 1994-ல டேஷ்போர்டை அறுத்த அதே கடைக்கே போனார். அவங்களும் சளைக்கலை. கூரையில ஓர் ஓட்டை போட்டு ஆன்டெனாவை மேலே நிறுத்திடலாம், வயரை உள்ளே இறக்கிடலாம்னு சொன்னாங்க. கார் நின்னுட்டிருந்தா ஒருவேளை கேட்டிருக்கும். ஓடுற கார் ஒவ்வொரு திருப்பத்திலயும் திசை மாறும், அந்த ஆன்டெனா ஒரே திசையைத்தான் பார்க்கும். மரமும் மாடியும் மறைக்கிற இடங்கள்ல அமெரிக்கால தரைக் கோபுரங்கள் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பின. இங்கே அந்தக் கோபுரங்கள் வரவேயில்லை. இதெல்லாம் அன்னைக்குப் பெரியப்பாவுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. காரைக் காப்பாத்தினது பெரியம்மா. "ஒரு ஓட்டை போதும்"னு சொல்லி வண்டியைத் திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டாங்க.

2008 அக்டோபரில் வேர்ல்ட்ஸ்பேஸ் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டது. 2009 டிசம்பர் 31-உடன் இந்திய ஒலிபரப்பு நின்றது. சந்தா கட்டி வாங்கின ரிசீவர்கள் எல்லாம் ஒரே ராத்திரியில் வெறும் டப்பா. எங்க வீட்டு டப்பா இப்பவும் பரண்ல இருக்கு. அன்னைக்குக் கூரையை ஓட்டை போட்டிருந்தா, மூணு வருஷக் கச்சேரிக்காகப் பதினஞ்சு மழைக்காலம் ஒழுகியிருக்கும்.

இப்போ என் பத்மினிக்கு வர்றேன். டேஷ்போர்டை மாத்திடலாமான்னு முதல்ல யோசிச்சேன். வெட்டாத பழைய டேஷ்போர்டு கிடைச்சா மாட்டி, 1986-ல இருந்த மாதிரி ஆக்கிடலாம். ஒண்ணு கிடைக்கவும் செஞ்சது. ஆனா கைக்கு வந்ததும் மனசு வரலை. அந்த ஓட்டைக்கே முப்பது வயசாயிடுச்சு. பெரியப்பா எங்களைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டுப் போனதெல்லாம் அந்த ஓட்டையில இருந்த ப்ளேயர் பாடப் பாடத்தான். கார் சங்க நடுவர் வந்தா மதிப்பெண் குறைக்கட்டும்.

அதனால் ப்ளேயரை மட்டும் கழற்றி, இறுகிப்போன பெல்ட்டை மாற்றி, ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, திரும்ப அங்கேயே மாட்டினேன். ஆன்லைனில் ஒரு கேசட் அடாப்டர் வாங்கினேன், இப்போது ப்ளூடூத்தோடு வருகிறது, வயர்கூட இல்லை. முதல் தடவை செருகினதும் வெளியே தள்ளிடுச்சு. ரெண்டாவது தடவை ஏத்துக்கிச்சு.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவை ஏத்திக்கிட்டு ஒரு சுத்து போனோம். பெரியப்பா இல்லை இப்போ. பாட்டு வந்ததும் அவங்க டேஷ்போர்டையே பார்த்துட்டிருந்தாங்க.

"புதுசா ஏதாவது வெட்டினியாடா?"

"இல்ல பெரியம்மா."

எஜெக்ட் பட்டனை அழுத்தினாங்க. அடாப்டர் கையில வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, அவங்களே மறுபடி உள்ளே தள்ளிட்டு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாங்க.